கோரல்டிரா கிராக்கும் 980 டாலர் மிரட்டலும்

கோவில்பட்டி பக்கம் டிடிபி, ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிற ஒரு வாசகி எழுதியிருக்காங்க. லெட்டர் நீளம், சுருக்கித் தர்றேன்.

"வணக்கம் சார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பிளக்ஸ் டிசைன், ஆன்லைன் அப்ளிகேஷன் எல்லாம் பண்ற சின்னக் கடை எங்களோடது. டிசைன் பண்ற கோரல்டிரா சாஃப்ட்வேர்ல புது வெர்ஷன் வேணும்னு தம்பி யூடியூப் வீடியோ ஒண்ணு பாத்து, கீழ இருந்த லிங்க்ல டவுன்லோட் பண்ணிருக்கான். ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிட்டுத்தான் இன்ஸ்டால் பண்ணணும்னு சொன்னாங்களாம், ஆஃப் பண்ணிட்டான். கொஞ்ச நேரம் விண்டோஸ் அப்டேட் ஓடுற மாதிரி ஒரு ஸ்கிரீன் வந்துச்சு. அப்புறம் பாத்தா எல்லா ஃபைல் பேருக்குப் பின்னாடியும் என்னன்னே தெரியாத நாலு எழுத்து ஒட்டியிருக்கு, எதுவும் ஓப்பன் ஆகல. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ரீட்மீன்னு ஒரு நோட்பேட் ஃபைல், 980 டாலர் குடு, 3 நாளைக்குள்ள குடுத்தா 490ன்னு. முகூர்த்த மாசம் சார், கையில நிறைய ஆர்டர் இருக்கு. பணம் கட்டிடலாமா? ஃபைல் திரும்பக் கிடைக்குமா? கஸ்டமர் குடுக்குற பென்டிரைவ், வாட்ஸப் ஃபைலெல்லாம் இனிமே எப்படி வாங்குறது? இன்னொண்ணு, நேத்து பழைய கஸ்டமர் நம்பர்ல இருந்து கடை போனுக்கு கல்யாணப் பத்திரிகைன்னு ஒரு ஏபிகே ஃபைல் வந்திருக்கு. பத்திரிகை அடிக்கிறவங்களுக்கே பத்திரிகையான்னு தொடாம வச்சிருக்கேன்."

தொடாம வச்சீங்களே, நல்லது. அதுக்குக் கடைசில வர்றேன், மொதல்ல அந்த சிஸ்டம்.

நெட் கேபிள உருவிடுங்க, வைஃபை ஆஃப் பண்ணிடுங்க. பேக்கப் இருக்கிற ஹார்ட்டிஸ்கையோ பென்டிரைவையோ தப்பித்தவறிக்கூட அதுல சொருகிடாதீங்க, ஏன்னா நீங்க சொல்ற அடையாளத்த வச்சுப் பாத்தா இது ஸ்டாப்ங்கிற, டிஜேவியூன்னும் சொல்ற குடும்பத்த சேர்ந்த ரான்சம்வேர், அதாவது ஃபைலப் பூட்டிட்டுப் பணம் கேக்குற வைரஸ், அந்த போலி அப்டேட் ஸ்கிரீன், நாலெழுத்து வால், 980க்கு 490 தள்ளுபடி எல்லாமே அதோட கைரேகைதான். இது ஒருதடவை பூட்டிட்டுப் போயிடாது. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர்ல தன்னைய எழுதி வச்சுட்டு கொஞ்ச நேரத்துக்கு ஒருதடவை திரும்பவும் ஓடும், நீங்க புதுசா சொருகுற டிஸ்கையும் சேத்துப் பூட்டும். சிஸ்டத்துல இருக்கிற ஹோஸ்ட்ஸ் ஃபைல மாத்தி ஆன்டிவைரஸ் கம்பெனி சைட்டெல்லாம் ஓப்பன் ஆகாம பண்ணி வச்சிருக்கும். அதனால அந்த சிஸ்டத்துலயே உக்காந்து கூகுள்ல தீர்வு தேடுறது வேலைக்கு ஆகாது.

இப்ப நீங்க கேக்காத ஒண்ணு. உங்க லெட்டர் பூரா பூட்டுன ஃபைலப் பத்தித்தான் இருக்கு, எனக்கு பயம் அதுல இல்ல. இந்த ரான்சம்வேர் பெரும்பாலும் தனியா வர்றதில்ல, கூடவே பாஸ்வேர்ட் திருடுற புரோகிராம் ஒண்ணையும் கூட்டிட்டு வரும், விடார், ரெட்லைன், அசோரல்ட்னு இது கூட வந்தவங்க பட்டியல் பெருசு. அது ஸ்கிரீன்ல எதுவும் காட்டாது, மிரட்டாது, நோட்பேட் ஃபைல் வைக்காது. குரோம்ல நீங்க சேவ் பண்ணி வச்ச பாஸ்வேர்ட், குக்கீ, ஆட்டோஃபில்ல இருக்கிற விவரம் எல்லாத்தையும் வழிச்சு எடுத்து அனுப்பிட்டு சத்தமில்லாம போயிடும். குக்கீ போறதுதான் இதுல மோசம், ஏற்கனவே லாகின் ஆன நிலைமையையே தூக்கிட்டுப் போறான், ஓடிபி கேக்குற இடத்த அவன் தாண்டியாச்சு. பணம் கேக்குறவன் கண்ணுக்குத் தெரியுறான், இவன் தெரியல, அதனாலதான் ஜனங்க ஃபைல் பின்னாடியே ஓடிட்டு இத விட்டுடறாங்க.

ஆகவே இந்த பதிலப் படிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடி, அந்த சிஸ்டத்துல வேண்டாம், கையில இருக்கிற போன்ல ஜிமெயில் பாஸ்வேர்ட மாத்துங்க, எல்லா டிவைஸ்லயும் சைன்அவுட் பண்ணுங்க, ரெகவரி நம்பரும் மெயிலும் உங்களோடதுதானான்னு ஒருதடவை பாருங்க. அடுத்தது நெட்பேங்கிங், கடையோட ஃபேஸ்புக், இன்ஸ்டா பேஜ், அப்ளிகேஷன் போட வச்சிருக்கிற இ-சேவை மாதிரி லாகின்கள். வாட்ஸப் வெப் அந்த சிஸ்டத்துல ஓடிட்டு இருந்திருந்தா போன்ல லிங்க்டு டிவைசஸ்ல போயி வெளிய தள்ளுங்க. ரெண்டு இடத்துல ஒரே பாஸ்வேர்ட் வச்சிருந்தீங்கன்னா ரெண்டையும் மாத்தணும், கடைக்காரங்க முக்காவாசிப்பேரு கடை பேரும் 123ம்தான் வச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்.

பணம் கட்டலாமான்னா, வேண்டாம்மா. கட்டுனா சாவி வரும்னு எந்த உத்தரவாதமும் இல்ல, கட்டுற பார்ட்டின்னு பேரு எடுத்துட்டா திரும்ப வருவான். இதவிட முக்கியமா, எந்த வீடியோ கமென்ட்ல பாத்தாலும் "இந்த டெலிகிராம் ஐடிக்கு மெசேஜ் பண்ணுங்க, எனக்கு எல்லா ஃபைலும் வந்துருச்சு"ன்னு நாலு பேரு எழுதியிருப்பான், அந்தப் பக்கமே போகாதீங்க, அது அடிபட்டவங்கள ரெண்டாவது தடவை அடிக்கிற கூட்டம்.

ஃபைல் திரும்பக் கிடைக்குமாங்கிறது அதிர்ஷ்டத்தப் பொறுத்தது, ஆனா அந்த அதிர்ஷ்டத்தப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம். ரீட்மீ ஃபைலோட அடியில பர்சனல் ஐடின்னு நீளமா ஒண்ணு இருக்கும், சி டிரைவ்ல சிஸ்டம்ஐடின்னு ஒரு ஃபோல்டர்லயும் அதே இருக்கும். அது கடைசியில t1ன்னு, அதாவது சின்ன எழுத்து t-யும் 1ம்னு முடிஞ்சா, பூட்டுற நேரத்துல அவங்க சர்வரோட பேச முடியாம உள்ளயே வச்சிருந்த பொதுச் சாவியப் போட்டுப் பூட்டியிருக்குன்னு அர்த்தம், ஆஃப்லைன் கீன்னு சொல்லுவாங்க. அந்தச் சாவி கண்டுபிடிக்கப்பட்டிருந்தா எம்சிசாஃப்ட் கம்பெனி ஃப்ரீயா குடுக்குற டிகிரிப்டர்ல திறந்துடும், 2019 அக்டோபர்ல விட்டது அது. வேற மாதிரி முடிஞ்சா உங்களுக்குன்னு தனிச் சாவி, இப்போதைக்கு வழி இல்ல. இந்த மாதிரி டூலெல்லாம் கண்ட சைட்ல எடுக்காம நோ மோர் ரான்சம்ங்கிற சைட் வழியா போங்க, நெதர்லாந்து போலீஸும் யூரோபோலும் ரெண்டு செக்யூரிட்டி கம்பெனிகளும் சேர்ந்து 2016ல ஆரம்பிச்சது. ரான்சம்வேர எடுக்குற டூல்னு சொல்லியே வைரஸ் குடுக்குற ஆளுங்க இருக்காங்கன்னா நம்புவீங்களா, இருக்காங்க.

தனிச் சாவியா இருந்தாலும் எல்லாம் போச்சுன்னு உக்காந்துடாதீங்க. இது ஒவ்வொரு ஃபைல்லயும் மொத்தத்தையும் பூட்டாது, ஆரம்பத்துல இருக்கிற 150 கேபி அளவுதான் பூட்டும், வேகமா முடிக்கணும்ல. அதனால பெரிய வீடியோ, பெரிய ஜிப் ஃபைலெல்லாம் ரிப்பேர் டூல் போட்டா பாதியாவது வர வாய்ப்பு இருக்கு, சின்னச் சின்ன டாக்குமென்ட்டுக்கு இது உதவாது. ரெண்டாவது, உங்க தொழில்ல ஒரு வசதி இருக்கு, அத யோசிச்சீங்களா தெரியல. முடிஞ்ச டிசைன் எல்லாம் பிளேட் போட பிரஸ்ஸுக்கு மெயில்ல அனுப்பியிருப்பீங்க, புரூஃப் பாக்கக் கஸ்டமருக்கு வாட்ஸப்ல அனுப்பியிருப்பீங்க, பிளக்ஸ்காரருக்கு அனுப்பியிருப்பீங்க. ஜிமெயில்ல சென்ட் ஃபோல்டரத் திறந்து அட்டாச்மென்ட் இருக்கிறத மட்டும் வரிசையா எடுங்க, பிரஸ்காரர்கிட்ட கூச்சப்படாம கேளுங்க, முகூர்த்த ஆர்டர்ல பாதி அங்கயே கிடச்சுடும்.

திறக்க முடியாத ஃபைல அழிச்சுடாதீங்க. இன்னைக்குச் சாவி இல்லாதது நாளைக்கு வரலாம். அந்த ஹார்ட்டிஸ்க கழட்டி தேதி எழுதி எடுத்து வச்சுட்டு புது டிஸ்க் போட்டு விண்டோஸ சுத்தமா ஏத்துங்க. வைரஸ மட்டும் எடுத்துட்டு அதே விண்டோஸ ஓட்டலாம்னு சர்வீஸ்காரர் சொன்னா வேண்டாம்னுடுங்க.

இப்ப தம்பி விஷயம். கிராக், அதாவது காசு கட்டாம ஓடுற மாதிரி பூட்ட உடச்ச சாஃப்ட்வேர், போடாதேன்னு நான் சொன்னா நீங்களும் தலையாட்டுவீங்க, அடுத்த வருஷம் வேற ஒரு சாஃப்ட்வேருக்கு இதே கதை நடக்கும், அதனால அந்தத் தந்திரம் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன். டவுன்லோட் ஆனது ஜிப் மாதிரி சுருக்கிக் கட்டுன ஒரு ரார் ஃபைலா இருந்திருக்கும், பாஸ்வேர்ட் 1234ன்னோ 2024ன்னோ அதே பக்கத்துல எழுதியிருப்பான். எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதி வைக்கிற பாஸ்வேர்ட் எதுக்கு? உங்கள தடுக்க இல்ல, ஆன்டிவைரஸத் தடுக்க. பூட்டியிருக்கிற ரார் உள்ள என்ன இருக்குன்னு கூகுள் டிரைவாலயும் பாக்க முடியாது, விண்டோஸ் கூடவே வர்ற ஆன்டிவைரஸான டிஃபெண்டராலயும் முடியாது. அடுத்தது, அத பிரிச்சா பத்து எம்பி ஃபைல் எழுநூறு எம்பி ஆகும், பெரிய சாஃப்ட்வேர்தான் போலன்னு நாம நினைப்போம், உள்ள முக்காவாசி வெறும் பூஜ்யத்த அடைச்சு வச்சிருப்பான், ரொம்பப் பெரிய ஃபைல ஸ்கேன் பண்ணாம விடுற டூல்கள் இருக்கிறதால. இவ்வளவும் தாண்டி கடைசியா உங்கள விட்டே ஆன்டிவைரஸ ஆஃப் பண்ண வைக்கிறான், கீஜென்னா, அதாவது போலி லைசன்ஸ் நம்பர் தயாரிக்கிற புரோகிராம்னா, எல்லா ஆன்டிவைரஸும் சும்மாவே கத்தும்னு ஒரு சமாதானமும் சொல்லிடறான். திருடன் வந்து நாயக் கட்டிப்போடுங்கன்னு கேட்டா கட்டிப்போடுவோமா, இங்க கட்டிப்போட்டுடறோம்.

அதனால ஒரு ஃபைல் எங்க இருந்து வந்துச்சுங்கிறத விட, திறக்கிறதுக்கு முன்னாடி அது உங்ககிட்ட என்ன கேக்குதுன்னு பாருங்க. ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணச் சொல்லுதா, வேர்ட், எக்ஸல்ல எனேபிள் கன்டென்ட்ட அமுக்கச் சொல்லுதா, போன்ல அன்னோன் ஆப்ஸ அலவ் பண்ணச் சொல்லுதா, அட்மின் பாஸ்வேர்ட் கேக்குதா. ஒரு பத்திரிகை மேட்டரும் ஒரு ஆதார் காப்பியும் ஒரு ஃபோட்டோவும் உங்ககிட்ட எந்த அனுமதியும் கேக்காது, சும்மா திறக்கும், அவ்வளவுதான்.

காசு குடுத்து ஒரிஜினல் வாங்குங்கன்னு லேசா சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல, சின்னக் கடைக்கு அது சின்னச் செலவு இல்ல. ஆனா நீங்க பண்ற வேலையில பாதிக்கு கோரலே வேண்டாம். இங்க்ஸ்கேப் ஃப்ரீ, பழகக் கொஞ்ச நாள் ஆகும், பழைய கோரல் ஃபைலையும் ஓரளவு திறக்கும், கோணல்மாணலா வரும்ங்கிறதையும் சொல்லிடறேன். ஃபோட்டோ வேலைக்கு கிம்ப், இல்லன்னா பிரவுசர்லயே ஓடுற ஃபோட்டோபீ. டைப்பிங்குக்கு லிப்ரே ஆபீஸ் தாராளம். இதையெல்லாம் அவங்கவங்க சொந்த சைட்ல மட்டும் எடுங்க, கூகுள்ல தேடும்போது மேல ஸ்பான்சர்டுன்னு வர்ற மொத ரெண்டு மூணு ரிசல்ட்ட விட்டுட்டு கீழ போங்க, விஎல்சி, ஓபிஎஸ் மாதிரி ஃப்ரீ வீடியோ சாஃப்ட்வேர் பேர்லயெல்லாம் போலி சைட் பண்ணி விளம்பரம் குடுத்து மேல கொண்டுவந்து வச்சிருக்காங்க.

தமிழ் ஃபான்ட் தனிக் கதை. பாமினியும் வானவில்லும் தேடித்தேடி எந்தெந்த சைட்லயோ இறக்குறது நம்ம டிடிபி ஆளுங்களுக்குப் பழக்கம். ஃபான்ட்னா டிடிஎஃப் இல்லன்னா ஓடிஎஃப்னு முடியும், இஎக்ஸ்இன்னு வந்தா அது ஃபான்ட் இல்ல, புரோகிராம், வாசல்லயே திருப்பி அனுப்புங்க. யூனிகோடுக்கு மாற முடிஞ்ச வேலைய மாத்திடுங்க, தமிழ் இணையக் கல்விக்கழகம் சைட்ல அரசாங்கமே ஃப்ரீயா ஃபான்ட்டும் கீபோர்டும் குடுக்குது, கூகுள் ஃபான்ட்ஸ்ல கட்டமரன், முக்தா மலர், மீரா இனிமை எல்லாம் இருக்கு, பத்திரிகைக்குப் பாக்க நல்லாவே இருக்கும்.

கஸ்டமர் ஃபைலுக்கு வருவோம். மொத வேலையா விண்டோஸ்ல ஃபைல் எக்ஸ்புளோரரத் திறந்து வியூல போயி ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்னு இருக்கிறத டிக் பண்ணுங்க, ஃபைல் பேரோட கடைசில அது என்ன ரகம்னு சொல்ற வால் அப்பத்தான் தெரியும். மைக்ரோசாஃப்ட் ஏன் இத மறச்சே வச்சிருக்குன்னு எனக்கு இன்னமும் கோவம், 2000 மே மாசம் ஐ லவ் யூ வைரஸ் உலகத்தையே சுத்துனது இந்த ஓட்டையிலதான், லெட்டர் டிஎக்ஸ்டின்னு தெரிஞ்சது, பின்னாடி, இது ஓடுற புரோகிராம்னு காட்டுற விபிஎஸ்ங்கிறது மறஞ்சு போச்சு, டெக்ஸ்ட் ஃபைல்னு நினச்சு அமுக்குனாங்க. இன்னைக்கும் ஆதார் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ-ன்னு ஒரு ஃபைல் வந்து பிடிஎஃப் ஐகான மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தா உங்களுக்கு வித்தியாசம் தெரியாது.

பென்டிரைவ்ல ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டா மாறியிருக்கிறத உங்க கடையில நிறைய தடவ பாத்திருப்பீங்க. கஸ்டமர் ஃபைல் எங்கயும் போகல, வைரஸ் அத ஹிட்டன் பண்ணிட்டு அதே பேர்ல ஷார்ட்கட் வச்சிருக்கு, அத டபுள்கிளிக் பண்ணா ஃபோல்டரும் திறக்கும், கூடவே வைரஸும் ஓடும், அதான் யாருக்கும் சந்தேகம் வர்றதில்ல. அந்த ஷார்ட்கட்ட அமுக்காம வியூல ஹிட்டன் ஐட்டம்ஸ டிக் பண்ணி, தெரியலன்னா ஆப்ஷன்ஸ்ல புரொடெக்டட் சிஸ்டம் ஃபைல்ஸ மறைக்கிற டிக்கையும் எடுத்துட்டுப் பாருங்க, நிஜ ஃபோல்டர் மங்கலாத் தெரியும், அதுல இருந்து தேவையான பிடிஎஃப மட்டும் காப்பி பண்ணுங்க. முடிஞ்சா பென்டிரைவ் வாங்குறதுக்கே ஒரு பழைய சிஸ்டத்த ஒதுக்கிடுங்க, அதுல குரோம் லாகின் கிடையாது, வாட்ஸப் வெப் கிடையாது, பிரின்டர் மட்டும். டிசைன் சிஸ்டத்துல தம்பிக்குன்னு அட்மின் இல்லாத சாதா அக்கவுன்ட் போட்டுக் குடுங்க. சிஸ்டத்த முழுசா நாசம் பண்ற வேலை நிறைய அதுல நின்னுடும், ஆனா அந்த அக்கவுன்ட்ல இருக்கிற ஃபைலுக்கு இது காவல் இல்ல, அதுக்கு பேக்கப்தான்.

வின்ரார் இருக்குமே, 40 நாள் ட்ரையல் முடிஞ்சு பல வருஷமா ஓடிட்டு இருக்கிறது. அது தானா அப்டேட் ஆகாது, நீங்களேதான் புதுசு போடணும். 6.23க்கு முன்னாடி வெர்ஷன்ல ஒரு ஓட்டை இருந்துச்சு, ராருக்குள்ள இருக்கிற ஃபோட்டோவ அமுக்குனா ஃபோட்டோவுக்குப் பதிலா உள்ள இருக்கிற புரோகிராம் ஓடும், 2023 ஆகஸ்ட்ல சரி பண்ணாங்க, உங்க சிஸ்டத்துல எந்த வெர்ஷன்னு பாத்ததுண்டா?

சந்தேகம் வந்தா, ஒரு ஃபைல நிறைய ஆன்டிவைரஸ வச்சு ஒரே நேரத்துல பாத்துச் சொல்ற வைரஸ்டோட்டல் சைட்ல போட்டுப் பாக்கச் சொல்லி எல்லாரும் சொல்லுவாங்க, நானும் சொல்றேன், ஆனா இன்ஸ்டாலர் ஃபைலுக்கு மட்டும். அங்க ஏத்துற ஃபைல் செக்யூரிட்டி கம்பெனிகளோட கைக்கும் போகும், அதான் அந்த சைட் நடக்கிற விதம். கஸ்டமரோட ஆதார், பத்திரம், பேங்க் பாஸ்புக்கயெல்லாம் அதுல ஏத்திடாதீங்க. சொன்னாப்ல, அந்த ஆதார்தான் எனக்கு உறுத்துது. ஜெராக்ஸ் எடுக்க வாட்ஸப்ல வந்தது, டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல எத்தன வருஷத்துது கிடக்கு? திருடுன புரோகிராம் டெஸ்க்டாப்ல இருக்கிற ஃபைலையும் சேத்து அள்ளுற வகையும் உண்டு. இனிமே சாயங்காலம் கடை அடைக்கிறப்ப டவுன்லோட்ஸயும் ரீசைக்கிள் பின்னையும் காலி பண்றத பூட்டு போடுற வேலையோட சேத்துக்குங்க. முழு நம்பர் தேவைப்படாத இடத்துக்கு கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியுற மாஸ்க்டு ஆதார, ஆதார் குடுக்குற யூஐடிஏஐ சைட்லயே எடுக்கலாம்னு கஸ்டமருக்கு சொல்லுங்க. வழக்கமா வர்ற கஸ்டமருக்கு நடந்தத மறைக்காதீங்க, ஆதார்ல கைரேகைய யாரும் பயன்படுத்த முடியாம பூட்டுற பயோமெட்ரிக் லாக் போட்டுக்கச் சொல்லுங்க, திட்டுவாங்கதான்.

பேக்கப்புக்கு பெருசா ஒண்ணும் வேண்டாம், ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க், ராத்திரி சொருகி காப்பி பண்ணிட்டு உருவி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடணும். சொருகியே வச்சிருக்கிற பேக்கப்ப இந்த ரகமெல்லாம் சேத்தே பூட்டும். கூகுள் டிரைவ்ல சிங்க் ஆகுதேன்னா, பூட்டுன ஃபைலும் சிங்க் ஆகும், ஆனா அங்க பழைய வெர்ஷன் 30 நாளைக்கு இருக்கும், இந்தத் தடவை டிரைவ் போட்டிருந்தீங்கன்னா உடனே போயி மேனேஜ் வெர்ஷன்ஸ்ல பாருங்க, நாள் ஓடிட்டு இருக்கு. தம்பி டோரன்ட்ல படம் இறக்குறதும் அந்த சிஸ்டத்துலதான்னா அதையும் நிறுத்தச் சொல்லுங்க, டோரன்ட்ல நீங்க இறக்கும்போதே மத்தவங்களுக்கு ஏத்திட்டும் இருக்கீங்க, உங்க கடை ஐபி அட்ரஸ் அதுல இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

கடைசியா அந்தப் பத்திரிகை. ஏபிகேன்னா ஆண்ட்ராய்ட் ஆப், எந்தக் கல்யாண வீட்டுக்காரரும் பத்திரிகைய ஆப்பா அடிக்க மாட்டாரு, அடிச்சுக் குடுக்குற உங்களுக்கே தெரியும். 2024 நவம்பர்ல ஹிமாச்சல் போலீஸ் இத எச்சரிச்சாங்க, அதே சரக்கு டிராஃபிக் சலான்னும் பேங்க் கேஒய்சின்னும் பேர மாத்திட்டு சுத்திட்டு இருக்கு. இன்ஸ்டால் பண்ணா எஸ்எம்எஸ் பர்மிஷன் கேக்கும், குடுத்தா ஓடிபிய அவன் படிப்பான், அப்புறம் உங்க நம்பர்ல இருந்தே உங்க கான்டாக்ட்ல இருக்கிற எல்லாருக்கும் அதே பத்திரிகை போகும். நீங்க அத டெலிட் பண்ணிட்டா உங்க வேலை முடிஞ்சுது, ஆனா அனுப்புன அந்தப் பழைய கஸ்டமருக்கு தன் போன்ல இருந்து இது போனதே தெரியாம இருக்கலாம். வாட்ஸப்ல சொல்லாதீங்க, அந்த வாட்ஸப்ப இப்ப யார் வச்சிருக்காங்கன்னு தெரியாது. போன் போட்டுப் பேசுங்க. அந்த போன்ல டேட்டாவ ஆஃப் பண்ணிட்டு, வீட்டுல வேற ஒருத்தர் போன்ல இருந்து பேங்குக்குப் பேசி யூபிஐயையும் கார்டையும் நிறுத்தச் சொல்லுங்க, அப்புறம் அந்த ஆப்ப எடுத்துட்டு போன ஃபேக்டரி ரீசெட் பண்ணச் சொல்லுங்க. பணம் ஏற்கனவே போயிருந்தா கொஞ்சமும் லேட் பண்ணாம சைபர் கிரைம் உதவி நம்பரான 1930க்கு அடிக்கணும், எவ்வளவு சீக்கிரம் சொல்றாங்களோ அவ்வளவு தூரம் அடுத்த அக்கவுன்ட்டுக்குப் போறதுக்குள்ள நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. உங்க ரான்சம்வேர் கம்ப்ளைன்ட்ட சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்ல போடுங்க, அந்த ரீட்மீ ஃபைலயும் ரெண்டு பூட்டுன ஃபைலயும் சேத்து வச்சுக்குங்க, கேப்பாங்க.